செவலைக்கு ஒரு ஜெர்மானியம்

ரேடியோ பழுதுபார்க்கும் பெஞ்சில் புதிதாக உட்கார்ந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே,

நம் குழுவில் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்றுதான். பழைய ரேடியோவில் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் போய்விட்டது, அதை இப்போது யாரும் தயாரிப்பதில்லை, மாற்றாக எதைப் போடலாம்? நானும் சளைக்காமல் நம்பர் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு முறை நம்பர் சொல்லும்போதும் என் வலது முழங்கால் லேசாக வலிக்கும். அந்த வலிக்குக் காரணம் ஒரு மாடு. மாட்டைப் பற்றிச் சொல்லாமல் நம்பரை மட்டும் சொல்லிக்கொண்டிருப்பது உங்களுக்கு நான் செய்யும் அநியாயம் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

கண் ஆபரேஷனுக்குப் பிறகு துடியலூர் கடையில் பெஞ்சை விட்டு எழுந்து, வேலையிலிருந்து ஓய்ந்துவிட்டேன். அதனாலேயே உங்களில் சிலர் என்னை நிதானமான பெரிய மனிதன் என்று நினைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். தவறு. பதற்றம் வந்தால் என் மூளைக்கும் கைக்கும் இடையில் உள்ள வயர் கழன்றுவிடும். சூடாக இருந்த சால்டரிங் அயனைத் தச்சர் பென்சிலைப் போலக் காதில் செருகப் போனவன் நான். நேரில் பார்க்கும்போது இடது காதின் ஓரத்தைக் கவனியுங்கள். தழும்பு அங்கே இருக்கிறது.

நான் பெஞ்சை விட்டு எழுந்துகொள்வதற்கு முந்தின கோடை. காலையில் கடையைத் திறந்து டீயை வாயில் வைக்கும் நேரத்தில் ஒரு அம்மா படியேறி வந்தார். அறுபதை நெருங்கும் வயது, வெயிலில் காய்ந்த திடமான உடம்பு, கையில் மஞ்சள் பை. பின்னால் அவருடைய மகன், போனைப் பார்த்துக்கொண்டே.

"ஏனுங்க தம்பி, பழைய ரேடியோப் பாக்கறது நீங்கதானுங்களா?"

"நானேதானுங்க அக்கா. உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்தார். பெயர் மயிலாத்தாள். பையிலிருந்து ஒரு ரேடியோவை எடுத்துப் பெஞ்சின் மேல் வைத்தார். தோல் உறை போட்ட, கையில் தூக்கிப்போகிற வகை. உறையெல்லாம் தூசும் காய்ந்த சாணியும். ஒரு மூலை மட்டும் வெளுத்து, தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியதுபோல் வழவழவென்று இருந்தது. எதில் உரசினால் இப்படித் தேயும் என்று ஒரு கணம் யோசித்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

"மூணு நாளா மூச்சுப் பேச்சில்லீங்க. இன்னைக்கே ஆகோணும்."

"அப்படி என்ன அவசரமுங்க? பொழுதோட ஏதாச்சும் நிகழ்ச்சி கேப்பீங்களா?"

"நான் எங்கீங்க கேக்கறது. மாட்டுக்குங்க."

நான் டீ கிளாஸை மேசை மேல் வைத்தேன். அதாவது, மேசை என்று நினைத்து மல்டிமீட்டரின் மேல் வைத்தேன். அது சரிந்து மீட்டருக்கு டீ அபிஷேகம் ஆனது.

மகன் முதல்முறையாகப் போனிலிருந்து தலையைத் தூக்கினார். "நெசந்தானுங்ணா. எங்க ஊட்ல மாடு மட்டுந்தான் ரேடியோ கேக்கும். நாங்கெல்லாம் போன்தானுங்க."

சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். மயிலாத்தாள் அக்காவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

விஷயம் இதுதான். அவரிடம் ஒரு செவலை மாடு. கன்று போட்ட சில நாட்களிலேயே கன்று செத்துப்போனது. அன்றிலிருந்து செவலை மடியைத் தொடவிடவில்லை. கன்றில்லாத மாடு பாலை இறக்காமல் அடக்கிக்கொள்ளும். சிலர் செத்த கன்றின் தோலில் வைக்கோலை அடைத்து மாட்டின் முன்னால் நிறுத்துவார்கள். அக்காவுக்கு அதில் மனசு ஒப்பவில்லை. மாடு கட்டும் கட்டுத்தரையில் அதற்குத் துணையாக அவரே உட்கார்ந்துகொண்டார். தன் துணைக்கு, வீட்டில் சும்மா கிடந்த இந்த ரேடியோவை எடுத்துத் தூணில் மாட்டினார். அன்றைக்கு மத்தியானக் கறவையில் செவலை தானாகப் பாலை இறக்கியது. அதிலிருந்து ரேடியோ பாடினால் பால், பாடாவிட்டால் உதை.

"போன்ல பாட்டுப் போட்டுப் பாக்கலீங்களா?"

"ப்ளூடூத் ஸ்பீக்கரே வாங்கிட்டு வந்து வெச்சனுங்ணா," என்றார் மகன். "ஒரே ஒதை. தென்னை மரத்துக்கு அக்கட்ட போயி எடுத்துட்டு வந்தேன்."

அக்கா மகனைப் பார்க்காமல் என்னிடம் பேசினார். "மடி கல்லாட்டம் ஆகுதுங்க தம்பி. காலைக் கட்டி ரெண்டு பேரு புடிச்சுக் கறந்தாலும் போசியோட அடிதான் நனையுது. டாக்டரு ஊசி போட்டாரு. தெனமும் ஊசியிலயே கறக்கறது ஆகாதுன்னும் அவரே சொல்லிப்போட்டாரு. இவன் வர்ற சந்தைக்கு ஏத்தோணும்னு நிக்கறான்."

"கறக்காத மாட்டுக்குத் தீனி போட்டு என்னம்மா பண்றது?"

"கறக்காத மாட்டைக் கறவைக்கு எவன்டா வாங்குவான்? லாரிக்காரன்தான் வாங்குவான்."

அந்த லாரி எங்கே போகும் என்று கடையில் நின்ற மூன்று பேருக்கும் தெரியும். நான் மீட்டரிலிருந்து டீயைத் துடைத்தேன். ரேடியோவைச் சரிசெய்தால் மாடு பிழைக்கும், இல்லாவிட்டால் லாரி ஏறும். இந்த மாதிரி ஒரு பொறுப்பு என் பெஞ்சுக்கு அதுவரை வந்ததில்லை. நம் தொழிலில் அதிகபட்சம் ஒருவர் கிரிக்கெட் வர்ணனையைத் தவறவிடுவார், அவ்வளவுதானே.

"சரிங்க அக்கா. பேசாததைத் தவிர வேறெதாச்சும் தொந்தரவு உண்டுங்களா?" வழக்கமாகக் கேட்கிற கேள்வி.

"தொந்தரவுன்னு இல்லீங்க. வெயிலேறுனா கொஞ்சம் புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு உடும்."

"அதையும் நிப்பாட்டிடறனுங்க."

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அதற்குள் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்துவிட்டேன்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம்மிடம் வருகிறவர்கள் எதைச் சொன்னாலும் நம் காதில் அது புகாராகத்தான் விழும். அப்படியே பழகிவிட்டோம்.

உள்ளே சத்தப் பகுதியில் முதலில் நிற்கும் டிரான்சிஸ்டர், ஏசி 126, முழுசாகச் செத்திருந்தது. தகரத் தொப்பி போட்ட குட்டி உருளை. மிகப் புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. ஜெர்மானியம் குளிரில் சமர்த்து. சூடு ஏறினால், மூடிய பிறகும் சொட்டுகிற குழாயைப் போலக் கரண்ட்டைக் கசியவிடும். கசிவு கூடக்கூட இரைச்சலும் கூடும். விரலால் பிடித்தாலே, அந்தச் சூட்டுக்கே சிலது கசிய ஆரம்பித்துவிடும். அதற்குப் பின் வந்த சிலிக்கானுக்கு இந்தச் சீக்கெல்லாம் கிடையாது. என் டப்பாவில் ஜெர்மானியம் தீர்ந்துபோயிருந்தது. அதனால் அதே பிஎன்பி வகையில் ஒரு சிலிக்கானைப் போட்டு, ரெசிஸ்டரை மாற்றி, சரியாக உட்காரவைத்தேன்.

ரேடியோ பாடியது பாருங்கள், கண்ணாடி துடைத்த மாதிரி. இரைச்சல் என்ற பேச்சே இல்லை. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். எனக்கு என்னைப் பற்றிப் பெருமை தாங்கவில்லை. அக்கா மட்டும் காதை ஸ்பீக்கரின் அருகே கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் போன்.

"ஏனுங்க தம்பி, ரேடியோ நல்லாப் பாடுதுங்க."

"ரொம்பச் சந்தோசமுங்க அக்கா."

"மாடுதான் ஒத்துக்க மாட்டேங்குதுங்க."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். நாற்காலி அங்கே இல்லை. தரையில் உட்கார்ந்தபடியே மீதியைக் கேட்டேன். செவலை கறவைப் போசியை உதைத்துவிட்டது. மடி கொதிக்கிறது. மகன் டெம்போவுக்குச் சொல்லிவிட்டார், நாளை மறுநாள் விடியற்காலை சந்தை.

இப்போது நிதானமாக யோசித்திருக்க வேண்டும். ரேடியோ பாடுகிறது, மாடு ஏற்கவில்லை, அப்படியானால் முன்பு இருந்து இப்போது இல்லாதது எது? இவ்வளவுதான் கேள்வி. அக்காவிடம் போனிலேயே கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. பதறிப்போய் நேராகத் தீர்ப்புக்குப் போய்விட்டேன். மாட்டுக்குச் சிலிக்கான் பிடிக்கவில்லை! ஜெர்மானியத்தின் சத்தத்தில் ஒரு மென்மை இருக்கும், சிலிக்கான் கூர்மை, மாட்டின் காது நுட்பமான காது. அசல் ஜெர்மானியம் போட்டால் பால் வரும். இதை என் மனைவியிடம் மூச்சுவிடாமல் விளக்கினேன்.

அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "ஏனுங்க, உள்ளுக்குள்ள என்ன போட்டிருக்கீங்கன்னு மாடு பிரிச்சுப் பாத்துச்சுங்களா?"

"சத்தத்தை வெச்சே கண்டுபுடிக்கும்."

"அப்பக் கடைக்கு அதையே உக்கார வெச்சுட்டு நீங்க ஊட்ல இருங்க."

மேசை இழுப்பறையில் முன்பு ஆன்லைனில் வரவழைத்த பாக்கெட் ஒன்று பிரிக்காமல் இருந்தது. வெளியே ஏசி 126 என்று அழகாக அச்சடித்திருந்தார்கள். ஒவ்வொன்றாக மீட்டரில் வைத்தேன். ஜெர்மானியம் என்றால் அரை வோல்ட்டுக்கு வெகு கீழே காட்டவேண்டும். எல்லாமே அரை வோல்ட்டைத் தாண்டிக் காட்டின. அத்தனையும் சிலிக்கான். தின்னர் தொட்டுத் துடைத்ததும் எழுத்து பஞ்சோடு வந்துவிட்டது. ஜெர்மானியம் வேடம் போட்டு வந்த சிலிக்கானை ஒரு பாக்கெட் நிறையக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு மாட்டின் உயிருக்கு நான் பதில் சொல்லவேண்டிய நிலை. வியர்வை நெற்றியிலிருந்து மீட்டரில் சொட்டியது. பாவம் அந்த மீட்டர். ஒரே வாரத்தில் இரண்டாவது அபிஷேகம்.

டவுனில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் நண்பரிடம் ஓடினேன். எனக்கும் அவருக்கும் கேலி இல்லாமல் வியாபாரம் நடந்ததில்லை.

"ஏசி நூத்தி இருபத்தாறு வேணும் மாப்ளே. அசல் ஜெர்மானியம். உசுருப் பிரச்சினை."

"எந்த ரேடியோவுக்கு?"

"பொள்ளாச்சிப் பக்கம் ஒரு செவலைக்கு."

"செவலையா? அது எந்தக் கம்பெனி மாடல்?"

விளக்கிச் சொன்னேன். அவர் கல்லாவின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன்னிடம் ஒன்றும் இல்லை என்றார். உக்கடத்தில் பழைய சாமான் கடை ஒன்றில் ரெக்கார்டு பிளேயர் ஒன்றின் உள்பாகம் கிடப்பதாகச் சொல்லி அனுப்பினார். "மாட்டுக்கு ஸ்டீரியோ வேணும்னாலும் வா மாப்ளே," என்று தெரு வரைக்கும் குரல் வந்தது.

உக்கடத்தில் அந்தப் போர்டு கிடைத்தது. அதில் ஏசி 126 இரண்டு இருந்தன. வீட்டுக்குக் கொண்டுவந்து கழற்றிப் பார்த்தேன். ஒன்று தங்கம். விரலால் எவ்வளவு நேரம் அழுத்திப் பிடித்தாலும் மீட்டர் முள் அசையவில்லை. அப்படி ஒரு கசிவில்லாத ஜெர்மானியத்தை நான் வெகுநாட்களாகப் பார்த்ததே இல்லை. இன்னொன்று குப்பை. கை பட்டதும் முள் மாடிப்படி ஏறியது. நல்லதைச் சூடு படக்கூடாதென்று ஈரத்துணியில் சுற்றி டிபன் பாக்ஸில் வைத்தேன். குப்பையை எறிய மனமில்லாமல் சட்டைப் பையில் பேனாவோடு போட்டேன். சந்தைக்கு முந்தின நாள், அயனையும் பையையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். தென்னந்தோப்புக்கு நடுவில் வீடு, பக்கத்தில் தகரம் போட்ட கட்டுத்தரை. உள்ளே நுழைந்ததும் அடுப்புக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது. செவலை கயிற்றை இழுத்துக்கொண்டு நின்றது. மடி உப்பி, காம்புகள் விறைத்து, பார்க்கவே எனக்கு வலித்தது. அது என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை இல்லை.

"இவருதான் ரேடியோக்காரரு," என்று அக்கா மாட்டிடம் அறிமுகம் செய்துவைத்தார்.

மோட்டார் ரூமிலிருந்து வயர் இழுத்து அயனைச் சூடாக்கினேன். ஜெர்மானியத்துக்குச் சால்டர் சூடே எமன். அதன் கம்பிக் காலை இடுக்கிப் பிடித்துச் சூட்டை உறிஞ்ச ஒரு கிளிப் வேண்டும். கொண்டுவர மறந்துவிட்டேன். அக்கா தன் கொண்டை ஊசியைக் கழற்றிக் கொடுத்தார். அதை மாட்டி, சிலிக்கானை எடுத்துவிட்டு, தங்கத்தைப் பற்றவைத்தேன். ரேடியோ பாடியது. உள்ளபடியே சொல்கிறேன், அந்த ரேடியோ கம்பெனியிலிருந்து வந்த அன்றுகூட அவ்வளவு நன்றாகப் பாடியிருக்காது. இனிப்பான, உருண்டையான சத்தம். நான் கையைக் கட்டிக்கொண்டு மாட்டுக்குப் பக்கத்திலேயே நின்றேன். பாராட்டு வாங்கிக்கொள்ளத் தோதாக.

அக்கா போசியோடு உட்கார்ந்து மடியைத் தொட்டார்.

முதல் உதை போசிக்கு. இரண்டாவது என் முழங்காலுக்கு. வலியில் பின்னால் நகர்ந்தவன் தண்ணித் தொட்டியைக் கவனிக்கவில்லை. தொட்டிக்குள் முழுசாக உட்கார்ந்துவிட்டேன். மோட்டார் தண்ணீர், குளுகுளுவென்று இருந்தது. அந்த மதியத்தில் எனக்கு நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஹாரன் சத்தம். டெம்போ. முந்தின நாளே கிளம்பினால்தான் சந்தையில் நல்ல இடம் கிடைக்கும் என்று மகன் கையோடு கூட்டி வந்துவிட்டார். கட்டுத்தரை வாசலில் கயிற்றோடு நின்று உள்ளே பார்த்தார். தொட்டிக்குள் நான், உருண்டு கிடக்கும் போசி, பாடிக்கொண்டிருக்கும் ரேடியோ.

"ஏனுங்ணா, நீங்களும் சந்தைக்கு வர்றீங்களா?"

அக்கா எழுந்து மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். அழவில்லை. ஆனால் அந்தக் கை கயிற்றை விடப்போவதில்லை என்று தெரிந்தது. மகனும் கெட்டவர் அல்ல. அவரால் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை, கயிற்றின் நுனியைத் திரித்துக்கொண்டே நின்றார்.

ஏதாவது செய்யவேண்டும். என்ன செய்யவேண்டும் என்று தெரியாது, ஆனால் ஏதாவது செய்துகொண்டிருக்கிற மாதிரி இருக்கவேண்டும். ஈரத்தோடு எழுந்துபோய், நன்றாகப் பாடிக்கொண்டிருந்த ரேடியோவை மறுபடியும் திறந்தேன். எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் தெரியாது. பற்றவைத்த இடத்தைக் கிள்ளிப் பார்த்தேன். விரல் நடுங்கியது. தங்கத்தின் ஒரு கால் அடியோடு ஒடிந்து என் கையில் வந்தது.

தம்பிகளே, அந்த ஒரு அங்குலக் கம்பியை மறுபடி அதன் இடத்தில் வைத்துப் பார்த்தேன். ஒட்டவைக்க மிச்சம் கால் இல்லை. உலகத்தில் ஜெர்மானியமே தீர்ந்துபோன மாதிரி இருந்தது.

"என்னாச்சுங்க தம்பி?"

"ஒண்ணுமில்லீங்க அக்கா, சும்மா ஒரு செக்கிங்," என்றேன். குரல் பொம்மைக் குரல் மாதிரி வந்தது.

மிச்சம் இருந்தது சட்டைப் பையில் கிடந்த குப்பைதான். உடம்புச் சூட்டில் வெந்து, தொட்டித் தண்ணீரிலும் ஒருமுறை மூழ்கி எழுந்திருந்தது. அதை ஊதித் துடைத்துக் கொண்டை ஊசியில் மாட்டிப் பற்றவைத்து, ரேடியோவை மூடித் தூணில் தொங்கவிட்டேன். சரிவர வராது என்று தெரியும். ரேடியோவாவது பேசட்டும், நான் பஸ் ஏறும் வரைக்கும்.

முதலில் பேசியது. யாரோ உரம் போடுவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு தகரத்தின் சூடு உள்ளே இறங்க இறங்க, குரலுக்கு அடியிலிருந்து ஒன்று கிளம்பியது.

புஸ்.

கொஞ்சம் விட்டு, மறுபடி. புஸ்… புஸ்ஸ்.

கசிவு. நான் பயந்தது அப்படியே நடந்தது. மானம் போகிறதே என்று சுவிட்சை அணைக்கக் கையை நீட்டினேன்.

"தொடாதீங்க!"

அக்கா கத்தவில்லை. மூச்சிலேயே சொன்னார். நான் நீட்டிய கையோடு அப்படியே நின்றேன்.

செவலையின் காது திரும்பியிருந்தது. முதலில் ஒரு காது, அப்புறம் இன்னொன்று. பிறகு தலையே தூண் பக்கம் திரும்பியது. கயிறு எட்டும் வரைக்கும் கழுத்தை நீட்டி, மூக்கை ரேடியோவின் மேல் வைத்து முகர்ந்தது. நாக்கை நீட்டித் தோல் உறையின் மூலையை நக்கியது. வெளுத்து வழவழப்பாக இருந்த அதே மூலை. நிறுத்தி நிதானமாக, மேலிருந்து கீழாக நக்கியது. மாடு கன்றை எப்படி நக்கும் என்று பார்த்திருப்பீர்கள்தானே.

அக்கா சத்தமில்லாமல் போசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். சர்ரென்று போசியின் அடியில் பால் விழும் சத்தம் கேட்டது. பிறகு அந்தச் சத்தம் கனத்தது, நுரையில் விழும் சத்தமாக மாறியது. ரேடியோவுக்குள் இருந்தவர் உரத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவருக்கு அடியில் அந்த மூச்சு ஓடிக்கொண்டே இருந்தது.

மாட்டின் வயிற்றில் கன்னத்தைச் சாய்த்துக் கறந்தபடியே அக்கா சொன்னார், யாரிடமும் இல்லாமல். "கன்னுக்குட்டி கெடையில கெடந்தப்ப இப்படித்தானுங்க மூச்சு உட்டுச்சு. புஸ்ஸு புஸ்ஸுன்னு. அந்த மூச்சு நிக்கற வரைக்கும் இவ நக்கிட்டே இருந்தா."

நீட்டிய கையை மெதுவாக இறக்கினேன். ஈரச் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. முதல் நாள் கடையில், "அதையும் நிப்பாட்டிடறனுங்க" என்று எவ்வளவு தாராளமாகச் சொல்லியிருந்தேன்!

மகன் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார். டெம்போ திரும்பிப் போகும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து என் பக்கத்தில் நின்று, நிறைந்த போசியையே பார்த்தார்.

"இந்தப் புஸ்ஸுக்குத்தானுங்களா இவ்வளவும்? நானே ஊதியிருப்பனே."

அக்கா தலையைத் திருப்பவில்லை. "நீ பொறந்ததுலயிருந்து ஊதிட்டுத்தான்டா இருக்கற. எந்த மாடு பால் குடுத்துச்சு?"

மூவரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்போடு கண்ணிலும் நீர் வந்தது. தொட்டித் தண்ணீர் என்று சொல்லிக்கொண்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் மூளைக்கு வயர் மறுபடி மாட்டியது. முதலில் செத்துப்போன அந்த ஏசி 126-உம் ஒரு கசிவு கேஸ்தான். சாகாமல் இருந்திருந்தாலும், கடையில் காலைக் குளிரில் அது மூச்சு விட்டிருக்காது. கொதிக்கும் தகரத்துக்குக் கீழேதான் விடும். பாட்டு மாட்டுக்கு ஒரு பொருட்டே இல்லை. முதல் தடவை அந்தக் கோளாறைக் குணப்படுத்தி அனுப்பினேன். இரண்டாவது தடவை இன்னும் கவனமாக, ஊரெல்லாம் தேடி, இன்னும் நன்றாகக் குணப்படுத்தினேன். என் திறமை ஏற ஏற மாடு லாரியை நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் அதைக் காப்பாற்றியது என் கை நடுக்கமும், எறிய மனமில்லாத ஒரு குப்பையும். இதை வைத்துக்கொண்டு நான் உங்களுக்குப் பாடம் எடுக்கிறேன், பாருங்கள் கொடுமையை.

மாடு எதற்காகப் பாலை இறக்கியது என்று அறுதியிட்டுச் சொல்ல நான் யார். டாக்டர் அதைப் பழக்கம் என்றாராம். இருக்கலாம். எனக்குத் தெரிந்தது பெஞ்சைப் பற்றி மட்டும்தான். என்ன கெட்டுப்போச்சு என்று கேட்க நமக்குத் தெரியும். எது மாறக்கூடாது என்று கேட்க நமக்குத் தோன்றுவதில்லை. ஒரு ரேடியோ ஒருவர் வீட்டில் என்ன வேலை செய்துகொண்டிருக்கிறது என்பது சர்க்யூட் படத்தில் இருக்காது. வந்தவர் வாயெடுக்கும்போது ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வையுங்கள். பதற்றம் வந்தால் இரண்டு கைகளையும் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பையில் குப்பை இருந்தால் இன்னும் நல்லது.

அந்தக் குப்பையும் எத்தனை நாள் தாங்குமோ என்ற பயத்தில், மறுநாளே டவுன் கடை நண்பரிடம் போனேன்.

"ஏசி நூத்தி இருபத்தாறு வேணும் மாப்ளே."

"மறுபடியுமா? நல்லதாக் கெடைச்சா எடுத்து வெக்கறேன்."

"நல்லது வேண்டாம். கெட்டது வேணும். நல்லாக் கசியறதா, கையில புடிச்சா இரையறதா."

அவர் எழுந்து வந்து என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு உள்ளே போய், யாராவது திருப்பிக் கொடுத்தால் போட்டுவைக்கும் டப்பாவை முழுசாகக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "எடுத்துட்டுப் போ. மாடு கேட்டா நான் குடுத்தேன்னு சொல்லு."

அந்த டப்பா இன்றும் என் வீட்டில் இருக்கிறது. வீட்டில் யாரும் அதைத் தொட அனுமதி இல்லை. நல்ல டிரான்சிஸ்டர்களைக்கூட நான் அப்படிப் பூட்டி வைத்ததில்லை.

மழை பிடித்த பிறகு ஒருநாள் போன் அடித்தது. மயிலாத்தாள் அக்கா.

"ஏனுங்க தம்பி, நல்லா இருக்கீங்களா? ரேடியோல பேச்சே வரமாட்டேங்குதுங்க. எந்தப் பக்கம் திருப்புனாலும் பாட்டுமில்ல, ஒண்ணுமில்ல."

என் கையிலிருந்த டீ கிளாஸ் தானாக மீட்டரைத் தேடிப் போனது. "மாடு… மாடு என்னாச்சுங்க?"

"அதுக்கென்னங்க, போசி நெறையக் கறக்குது. மூச்சு மட்டும் நல்லா வருதுங்க. என்ற மகன்தான் உங்களுக்குப் போன் பண்ணிச் சரிபண்ணச் சொல்லோணும்னு நிக்கறான்."

"நான் வாரனுங்க அக்கா. நாளைக்குக் காத்தாலயே முதல் பஸ்ஸுல—"

"அய்யோ சாமி, அதுக்குத்தானுங்க அவனுக்கு முந்தி நான் போன் பண்ணுனேன். நீங்க வந்துபோடாதீங்க."